தன்னுரிமையும் ஊர்க்காவலும்



ஊரார் அச்சமின்றி உறங்கல் வேண்டும். ஒவ்வொருவரும் தம் விருப்பம்போல் இயங்கவும் வேண்டும். இவ்விரண்டும் முரணுங்கால் எதனைக் குறைப்பது? இதற்கு நம் சேலம், நாமக்கல் சமவெளியில் நிகழ்ந்ததொன்றை எண்ணிப் பார்ப்பதே தக்கதென யாம் கருதுகின்றோம்.

உப்புக் குறவரை நாம் அறிவோம். உப்பையும் தவசத்தையும் கழுதைகளிலும் எருதுகளிலும் ஏற்றி ஊர்தோறும் விற்று வந்தவர் அவர்தம் முன்னோர். புகைவண்டி வந்தபின் அவ்வாணிகம் நலிந்தது. பிழைப்புத் தேடி அலைந்தோரை அரசு ஐயுற்றது. வடநாட்டில் 1871-ல் தோன்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் திருத்தப்பெற்றுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. அதன்படி ஒரு கூட்டத்தார் முழுவதையுமே குற்றப் பரம்பரையினர் என அரசு அறிவிக்கலாம். அவ்வறிவிப்புச் செல்லாதென நீதிமன்றம் ஏறி வழக்காடவும் இயலாது. பெயர்ப் பதிவு, கைரேகை, குறித்த வேளையில் அதிகாரிமுன் ஆஜராதல், அயலூர் செல்லச் சீட்டு ஆகிய இவையெல்லாம் களவு செய்தவனுக்கு மட்டுமன்று. அக்குடியிற் பிறந்த குற்றமற்றவனுக்குந்தான்! மதுரைச் சீமைப் பெருங்காமநல்லூரில் 1920-ல் இப்பதிவை எதிர்த்து நின்றோர் பலர் துப்பாக்கிக்கு இரையாயினர்.

இதனால் ஊருக்குக் காவல் கிட்டிற்றோ? கூலிக்கு அயலூர் போகவும் சீட்டு வேண்டுமெனின் நேர்மையாய்ப் பிழைப்பது எங்ஙனம்? போலீசார் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கையில் மெய்க்கள்வன் காவிரியைக் கடந்திருப்பான்.

சென்னை மாகாணம் அச்சட்டத்தை 1947-ல் நீக்கிற்று. நாடு முழுவதும் 1952-ல் நீங்கிற்று. இம்மாகாணத்தில் 1948-ல் வந்த வழக்கக் குற்றவாளிகள் சட்டமோ குலத்தை விடுத்து, ஒருவன் பெற்ற தண்டனைகளை நோக்கிற்று. பொதுநலம் கருதித் தனிமனிதனைக் கட்டுப்படுத்தலாம் என்பதை யாமும் மறுக்கிலேம். அவன் செய்கை பற்றிக் கட்டுக, பிறப்புப் பற்றியன்று. ஆயினும் பழைய ஐயம் எளிதில் அகலவில்லை. சிறை விதிகளிற் சாதி பார்த்தல் செல்லாதென 2024 அக்டோபர் 3-ல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், சீர்மரபினரைத் தக்க காரணமின்றிக் கைது செய்தலாகாதென்றும் உரைக்க வேண்டியதாயிற்று.

நம் நிலை யாது? பட்டியில் ஓர் ஆடு காணாமற்போயின் முதலில் எவர் பெயர் நம் நாவில் வருகின்றது? (நகைக்க வேண்டா, அன்பர்களே.) ஐயமென்று நாம் கொடுக்கும் ஒரு பெயரால் ஓர் ஏழை இரவெல்லாம் அடைபடக்கூடும், அவன் மனைவி நிலையத்து வாயிலிற் காத்துக் கிடப்பாள். ஆதலின், நம் சங்கத்தார் புகார் எழுதுங்கால் கண்டதை எழுதுக, குலத்தை எழுதற்க. காணாவிடின் காணவில்லை என்றே எழுதுக. வரும் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவரல் வேண்டும். முன்மொழிய யாம் ஆயத்தமாய் உள்ளோம்.