முள் நகரலன்னா நடையை நிறுத்திராதீங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் சுகாதாரத் தன்னார்வலர் ஒருவர் பேசியது)

 

கடன், வட்டி, வங்கி இணைப்பு பத்தி எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லா விளக்கிட்டாங்க. நான் உடம்புக் கணக்கு பேச வந்திருக்கேன். நான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வேலை பார்க்கிறவள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி இந்தத் திட்டம் தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் பி.பி., சர்க்கரை பார்க்கிற வேலைக்கு மகளிர் குழுப் பெண்களைத்தான் எடுத்தார்கள். அதனால் நம்ம முடுக்குகளில் நான் போகாத வாசல் கம்மி.

போகிற வீட்டிலெல்லாம் இப்போ ஒரே பேச்சு. “மூணு மாசம் நடந்தேன், அஞ்சு கிலோ குறைஞ்சுது. பொறவு ரெண்டு மாசமா முள்ளு நகர மாட்டேங்குது. என்னத்த நடந்து என்ன?” இப்படிச் சொல்லிட்டு நடையை விட்டுர்றாங்க. எனக்குப் பயம் அங்கேதான். தொடங்காதவங்களை விட, தொடங்கிப் பாதியில் விட்டவங்களை மறுபடி கிளப்புறது பெரும்பாடு.

எங்க குழுவில் ஒரு லாத்தா இந்தக் கட்டத்தில் என்ன செய்தாங்க தெரியுமா? உள்கடன் கேட்டாங்க. எதுக்குன்னா, எடை குறைக்கிற பொடி டப்பா வாங்க. காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதணும்ல, எங்க ஊக்குநருக்குப் பேனா ஓடல. அன்னைக்குக் கூட்டம் கடனைப் பத்திப் பேசாம ஒரு மணி நேரம் எடையைப் பத்தியே பேசுச்சு. அங்கே பேசினதைத்தான் இங்கேயும் சொல்றேன்.

முதல்ல, முள் ஏன் நிக்குது? சோத்துல இருந்து வர்ற சர்க்கரையில் கொஞ்சத்தை நம்ம உடம்பு ஈரல்லயும் தசையிலயும் தண்ணியோட சேர்த்து வச்சிருக்கு. சாப்பாட்டைக் குறைச்சதும் முதல்ல அதுதான் செலவாகும், தண்ணியும் கூடவே வெளியேறும். அதனால்தான் ஆரம்பத்தில் கிடுகிடுன்னு இறங்குது. அதுக்கு மேல கொழுப்பு கரையணும், அது மெதுவாத்தான் கரையும். இன்னொண்ணு, அஞ்சு கிலோ ரேஷன் அரிசிப் பையைத் தூக்கிக்கிட்டு கடற்கரைக்கு நடந்து பாருங்க, பொறவு பையை இறக்கி வச்சிட்டு நடந்து பாருங்க. எது லேசு? நீங்க இறக்கி வச்ச அஞ்சு கிலோவும் அப்படித்தான். லேசான உடம்புக்குச் செலவு கம்மி. போதாததுக்கு, குறைச்ச எடையைத் திரும்பப் பிடிக்க உடம்பு பசியைக் கூட்டிவிடும். மூணு மாசம் முன்னாடி எடையைக் குறைச்ச அதே சாப்பாடும் அதே நடையும் இப்போ எடையை நிறுத்தி வைக்கத்தான் போதும்.

நிறுத்தி வைக்கிறதும் சும்மா இல்லை. ஒரு மாசம் குழுவில் சேமிப்பு ஏறலை, யாரும் எடுக்கவும் இல்லை, இருப்பு அப்படியே இருக்கு. அதை எந்தக் கணக்காளராவது நஷ்டம்னு எழுதுவாங்களா?

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. சர்க்கரை நோய் வர்ற எல்லையில் நின்ன 531 பேரை எடுத்துக்கிட்டாங்க. வழக்கம்போல இருந்தவங்களில் மூணு வருஷத்தில் நூத்துக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துருச்சு. சாப்பாட்டையும் நடையையும் மாத்திக்கிட்டவங்களில் நூத்துக்கு 39 பேருக்குத்தான் வந்துச்சு. இதில் கவனிக்க வேண்டியது, அந்த மாத்திக்கிட்டவங்களுக்கு எடை பெருசாக் குறையவே இல்லை! மெஷினை மட்டும் பார்த்திருந்தா அவங்களும் “என்னத்த நடந்து என்ன”ன்னு விட்டிருப்பாங்க. எனக்கு இந்த ஆய்வு மேல தனிப் பிரியம், நம்ம தமிழ்நாட்டுச் சோறு சாப்பிட்ட உடம்புகளைப் பார்த்துச் சொன்னதாச்சே.

அதனால எடையோட இடுப்பு அளவு, பி.பி., சர்க்கரை மூணையும் நோட்டில் எழுதுங்க. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும்னு சொல்றாங்க. எடையை வாரம் ஒருதடவை, காலையில், ஒரே மெஷினில் பாருங்க, போதும். களறிச் சாப்பாட்டுக்கு மறுநாள், கருவாடு சாப்பிட்ட மறுநாள், மாதவிலக்கு நாளில் பார்த்து அழாதீங்க. அது தண்ணி எடை.

உண்மையாவே நின்னு போச்சுன்னா, கை எங்கே தளர்ந்திருக்குன்னு பாருங்க. சஹன்ல மூணு பேர் சேர்ந்து சாப்பிடும்போது நாம எவ்வளவு சாப்பிட்டோம்னு யாருக்குத் தெரியும்? “சீனி இல்லையே, உடன்குடி கருப்பட்டிதானே”ன்னு தேத்தண்ணியில் கூடுதலாப் போடுறோம். கருப்பட்டியும் இனிப்புதான். நாலு பேர் வீட்டுக்கு மாசம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குறீங்க? ரெண்டு லிட்டரைத் தாண்டினா அங்கே குறைக்க இடம் இருக்கு. சாளை மீனைப் பொரிக்காம குழம்பு வச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. நடையோட, நாற்காலியில் உக்காந்து எழும்புறதைப் பத்துப் பத்துத் தடவையாச் செய்யுங்க, தசைக்கு நல்லது.

பட்டினி மட்டும் கிடக்காதீங்க. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க டாக்டரைக் கேக்காம சாப்பாட்டை வெட்டினா மயக்கம் போட்டு விழுந்துருவீங்க, மாத்திரையை நீங்களா நிறுத்தவும் கூடாது. முடி கொட்டுது, அசதியா இருக்கு, மாதவிலக்கு தள்ளிப் போகுதுன்னா தைராய்டு பார்க்கச் சொல்லுங்க. அப்புறம், உப்பளத்தில் வெயிலில் நிக்கிற நம்ம அக்காமார்களில் மெலிஞ்சவங்களும் உண்டு. அவங்க யாரும் என் பேச்சைக் கேட்டு எடை குறைக்கக் கிளம்பிராதீங்க!

அந்த லாத்தா கடைசியில் கடன் வாங்கலை. இப்போ அஸருக்குப் பொறவு நாலு பேராச் சேர்ந்து நடக்கிறோம். ஒருத்தி வரலன்னா மத்தவங்க வாசல்ல போய்க் கூப்பிடணும்னு தீர்மானமே போட்டிருக்கோம். லாத்தாவோட எடை அதுக்குப் பிறகு ஒன்றரைக் கிலோதான் குறைஞ்சுது, இடுப்பில் நாலு விரல்கடை குறைஞ்சுது. அவுக இங்கேதான் உக்காந்திருக்காக, பேர் சொன்னா என்னை அடிப்பாக.

வாசல் பக்கம் மேசையில் டேப்பும் பி.பி. மெஷினும் வச்சிருக்கோம். மருத்துவ அட்டை கொண்டுவந்தவங்க சாப்பாட்டுக்கு முன்னாடியே வந்து அளந்துட்டுப் போங்க, பிரியாணி வாசத்துக்குப் பிறகு ஒருத்தரும் வர மாட்டீங்க.