தவணை கேட்கப் போன வீட்டில் நாங்கள் கண்டது

(காயல்பட்டினத்தில் நடந்த குழுக்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாங்கள் வந்தால் சேமிப்பு, உள்கடன், தவணை என்றுதான் பேசுவோம். இன்று நம் வீட்டுப் பையன்களையும் கஞ்சாவையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

நம் குழுக்களில் ஒரு அக்கா. ஊரையும் பேரையும் சொல்ல மாட்டோம். தவணை தவறாதவர், மூன்று மாதம் கட்டவில்லை. நாங்களும் ஊக்குநரும் வீட்டுக்கே போய், "குழுப் பேரைக் கெடுக்கலாமா?" என்று கேட்டோம். அவர் பதில் பேசாமல் உள்ளறையைக் காட்டினார். 20 வயது மகனைக் கட்டிலோடு கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் கூட்டாளிகளோடு தொடங்கிய பழக்கமாம். இப்போது, "சோத்துல விஷம் வைக்கிறே" என்று பெற்றவளையே அடிக்கிறான். யாரோ கூப்பிடுவதாகச் சொல்லித் தனியே பேசுகிறான். வாங்கிய கடனெல்லாம் மந்திரிப்புக்கும் தாயத்துக்கும் போய்விட்டது. பணம் கேட்கப் போன நாங்கள் தலைகுனிந்து நின்றோம்.

"இலைதானே, சாராயம் மாதிரியா கெடுக்கப் போவுது?" என்று சிலர் கேட்கிறார்கள். மனித மூளை 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த வளர்ச்சியில் கஞ்சா குறுக்கிடுகிறது. நியூசிலாந்து நாட்டில் டுனீடின் என்ற ஊரில் 1972-73இல் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். 2002இல் முடிவு வெளியானது. 15 வயதுக்குள் கஞ்சா பிடித்தவர்களில் 100க்கு 10 பேருக்கு, 26 வயதில் மனச்சிதைவு போன்ற நோய் இருந்தது. மற்றவர்களில் 100க்கு 3 பேருக்குத்தான்.

கஞ்சா பிடித்த எல்லோருக்கும் இந்த நோய் வராது. சிலருக்குச் சிறு வயதிலேயே நோயின் சாயல் இருந்திருக்கலாம். குடும்பத்தில் மனநோய் இருந்தால் ஆபத்து கூடும். சின்ன வயதில் தொடங்கினாலும், அடிக்கடி பிடித்தாலும் இன்னும் கூடும். அந்தப் பத்துப் பேரில் நம் பிள்ளை இருப்பானா என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் பயப்படுகிறோம்.

தூக்கம் கெடுவது, படிப்பில் திடீர் சரிவு, குளிக்காமல் அறைக்குள்ளேயே கிடப்பது, காரணமில்லாத சந்தேகம், காதில் குரல் கேட்பது. இவற்றைப் பார்த்தால் "வயசுக் கோளாறு" என்று விட்டுவிடாதீர்கள்.

கட்டிப் போடவும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் மாண்டார்கள். மொத்தம் 28 உயிர்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. தர்காவிலும் கோயிலிலும் வேண்டிக்கொள்ளுங்கள், நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் மருந்தும் கூடவே நடக்கட்டும்.

"ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்பார்கள். சரியாகாது. இன்னொருத்தி பெற்ற பெண்ணும் சேர்ந்து அழுவாள். நாமும் பெண் பிள்ளை பெற்றவர்கள்தானே?

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசலாம். டாக்டரிடம் கஞ்சாப் பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள். கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அந்த அக்கா மகனை மறுவாரம் நாங்கள் கூடவே போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்று அவன் முழுசாகக் குணமாகிவிட்டான் என்று சொல்ல முடியாது. ஆனால் கயிறு அவிழ்ந்துவிட்டது. தாயும் மகனும் ஒரே தட்டில் சாப்பிட்டதை நாங்கள் பார்த்தோம். குழு தீர்மானம் போட்டுத் தவணைக்கு ஆறு மாதம் அவகாசம் கொடுத்தது.

சகோதரிகளே, அந்த அக்கா எட்டு மாதம் மறைத்தது வெட்கத்தால். அந்த வெட்கத்துக்கு நாமும்தான் காரணம். இனிமேல் யாராவது தவணை தவறினால், "பணம் எங்கே?" என்று கேட்பதற்கு முன், "வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்போம். இதை இன்றே தீர்மான நோட்டில் எழுதுவோம். எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். முதல் கையெழுத்து எங்களுடையது.