புதிய பணிசெயல் முறைமையும் அதற்கேற்ற நூல்களும்

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நிறைந்து நிற்கும் நீர் தானாகவே விளக்கெரிப்பதில்லை. நோட்டன் பிரிட்ஜ் அருகே 1965ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் விமலசுரேந்திர மின்நிலையத்திலே அந்நீர் அளவறிந்து விடுக்கப்படுகின்றது. அதன் பின்னரே சுழலி சுழன்று மின்சாரம் பிறக்கின்றது. கணினிக்குள்ளும் இத்தகைய காவலொன்று உண்டு. பொறியின் ஆற்றலை வேலைக்கேற்பப் பகிர்ந்தளிக்கும் அதனை இலங்கைப் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்று கூறும். தமிழ்நாட்டாரோ இயக்கமுறைமை என்றும் இயங்குதளம் என்றும் வழங்குவர்.

நோட்டன் பிரிட்ஜ்ப் பகுதித் தோட்டமொன்றிலே, லயத்து வீட்டில் வாழும் மாணவியொருத்தியை எண்ணிப் பார்க்கலாம். கொழும்பிற் கடையொன்றில் வேலை செய்யும் அண்ணன், பழைய கணினியொன்றை வாங்கி அனுப்பியிருக்கிறான். அதிலிருப்பது விண்டோஸ் 10. அதற்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லோ அந்தப் பழைய பொறியில் இல்லை. ஆகவே, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் முறைமையை அவள் நாடுகின்றாள். எதைப் படித்து அதனைக் கற்பது? ஆங்கிலத்திலுள்ள தடித்த நூலொன்றின் விலை தாயின் பல நாட் கூலிக்கு ஈடாகும். தவறான நூலை வாங்கிவிட்டால், அந்த உழைப்பு முழுதும் வீணாகும்.

முதலில் நோக்க வேண்டியது, நூல் எப்பதிப்புக்கு எழுதப்பட்டது என்பதாகும். லினக்ஸ் வகைகளுள் ஒன்றாகிய உபுண்டு, தன் பிறப்பைத் தன் பெயரிலேயே கொண்டுள்ளது, 24.04 என்பது 2024 ஏப்பிரலில் வெளிவந்ததைக் குறிக்கும். 2017 ஒக்டோபரில் வந்த 17.10ஆம் பதிப்பிலே அதன் முகத்தோற்றமே மாறிற்று. அதற்கு முந்திய நூலிலுள்ள படங்களைத் திரையோடு ஒப்பிடும் புதியவர், பிழை தம்முடையதென்றே எண்ணி மயங்குவர். ஆயினும் பழைய நூல் யாவும் பயனற்றதன்று. கோப்புகளைப் பட்டியலிடவும், படியெடுக்கவும், இடம் மாற்றவும் உதவும் கட்டளைகள் 1971ஆம் ஆண்டின் யுனிக்ஸ் கையேட்டிலேயே உள்ளன. 1991இல் தோன்றிய லினக்ஸிலும் அவையே வழங்குகின்றன. படங்கள் விரைவில் முதுமையெய்தும். கட்டளைகளோ நெடுநாள் வாழும். எனவே படம் மலிந்த நூலாயின் புதியதையே கொள்ளுதல் வேண்டும். கட்டளைகளை விளக்கும் நூலாயின் பழையதற்கும் அஞ்ச வேண்டுவதில்லை.

இரண்டாவது, மொழி. தொடக்கம் தாய்மொழியில் அமைவதே நலம். பத்தாந் தரத்துத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியற் பாடநூலிலே பணிசெயல் முறைமை பற்றிய இயலொன்று உண்டு. அதன்பின், நித்யா துரைசாமி எழுதிய ‘எளிய தமிழில் குனு லினக்ஸ்’ என்னும் மின்னூலைப் படிக்கலாம். அஃது இலவசமாகக் கிடைப்பது. ஒருமுறை ஹட்டன் நகரிலே பென் டிரைவில் எடுத்துவந்தாற் போதும். இருநாட்டுக் கலைச்சொற்களும் வேறுபடுவதால், இணைச்சொற்களை ஒரு கொப்பியில் எழுதிவருதல் பரீட்சைக்கும் உதவும். கணினி காட்டும் பிழைச்செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருதலின், அடுத்த படியில் ஆங்கில நூலும் வேண்டப்படும். வில்லியம் ஷொட்ஸ் என்பாரின் ‘தி லினக்ஸ் கமாண்ட் லைன்’ அத்தகையது. அதன் மின்பதிப்பையும் ஆசிரியர் விலையின்றியே வழங்கியுள்ளார்.

மூன்றாவது, பலர் மறந்துவிடும் நூலொன்று கணினிக்குள்ளேயே இருக்கின்றது. ‘மேன்’ என்னும் ஆணையோடு ஒரு கட்டளையின் பெயரைத் தட்டினால், அதன் கையேட்டுப் பக்கம் திரையில் விரியும். மழை பெய்து தொலைபேசி அலை அறுந்த இரவிலும் அப்பக்கம் மறைவதில்லை. அது கற்பிக்கும் ஆசானன்று, ஐயந்தீர்க்கும் அகராதி. ஆகையால் அதனைக் கொண்டு தொடங்குவோர் சலிப்படைவர். அடிப்படை கற்றபின் நாடுவோர் பயன்பெறுவர்.

காணொளிகள் கண்ணுக்கு எளியவை. எனினும் அவை டேட்டாவை விழுங்கும். வேண்டிய வரியைத் தேடி எடுப்பதும் அரிது. எவரோ எழுதிய கட்டளையைப் பொருளறியாது தட்டினால், சேமித்த அனைத்தும் ஒரு நொடியில் அழிந்துபோகக்கூடும். ஆதலின் நல்ல நூலை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. பழைய முறைமையை அழிக்குமுன் கோப்புகளைப் படியெடுத்து வைக்குமாறும், புதியதைப் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்குமாறும் அது கூறுகின்றதா என்று நோக்குக. கூறாத நூலைக் கீழே வைத்துவிடலாம்.

கொழுந்தெடுப்போர் செடியிலுள்ள இலையனைத்தையும் பறிப்பதில்லை; முற்றலை விடுத்து, மொட்டும் இரண்டிலையுமே கொய்வர். நூல் தேர்வதும் அவ்வாறே. தாய்மொழியில் ஒன்று, விரிவாக ஒன்று, பொறிக்குள் உறையும் கையேடு ஒன்று: இம்மூன்றும் அந்த மாணவிக்குப் போதும். விலை கொடுத்து வாங்க வேண்டியது இவற்றுள் ஒன்றுமில்லை. கொடுக்க வேண்டியது நாள்தோறும் ஒரு மணி நேரமும், தட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் பொறுமையுமே.