உறுதி இல்லாத காணியில் மரம் நடுபவர் யார்?

(கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



புகையிலை நட்டவன் சில திங்களிற் பயன் காண்பான். தென்னை நட்டவன் 6, 7 ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். பனைவிதை ஊன்றியவனோ 15 ஆண்டுகளேனும் பொறுத்திருத்தல் வேண்டும். அடுத்த போகமும் காணி தன் கையில் இருக்குமோ என்று ஐயுறுபவன் வெங்காயம் நடுவானேயன்றி வடலி வளர்ப்பானா? அவனைச் சோம்பன் என்று பழித்தல் நீதியாகாது.

வயற் குத்தகையாளனுக்கு 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டமும் அதன் வழிவந்த சட்டங்களும் ஓரளவு காப்பளித்தன. தோட்டக் காணியைக் குத்தகைக்குச் செய்பவனுக்கு அக்காப்பு இல்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ்க் குடியமர்ந்தவன் கையிலிருப்பது அனுமதிப்பத்திரமே. நிபந்தனை தவறினால் அது நீக்கப்படலாம். அளிப்புப் பத்திரம் கிடைக்கும்வரை அவன் தயங்குவதில் வியப்பென்ன?

காணிக்காரரின் அச்சத்தையும் நாம் மறைத்தலாகாது. 10 ஆண்டு எதிரிடை ஆட்சி உரிமை தரும் என்பது 1871ஆம் ஆண்டுச் சட்டம். வழக்கு வந்தால் நில அளவையாளர் மரங்களின் வயதையும் குறித்துக் கொடுக்கிறார், மரமே சாட்சியாகிறது. ஆகவே குத்தகையாளன் மரம் நடுவதைக் காணிக்காரர் விரும்புவதில்லை. உடன்பாட்டோடு இருப்பவனது இருப்பு எதிரிடை ஆட்சியன்று என்பது மெய்யே. ஆனால் எழுத்தில் இல்லாத உடன்பாட்டை மன்றில் நிறுவுவது எங்ஙனம்?

இதற்கு வழி நம் வழக்கிலேயே உண்டு. 1707இல் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை, பிறர் காணியில் இசைவோடு மரம் நட்டவனுக்கு விளைவிற் பங்கு வகுத்தது; கன்று யாருடையது என்பதைக் கொண்டு அப்பங்கின் அளவை வேறுபடுத்தியது. நட்டவன் உழைப்பும் காணிக்காரன் உரிமையும் ஒருங்கே காக்கப்பட்டன.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. காணிக்காரரும் குத்தகையாளரும் வாய்ப்பேச்சோடு நில்லாது நொத்தாரிசு முன் எழுதிக் கொள்க: மரம் யாருடையது, விளைவிற் பங்கு எவ்வளவு, காணி மீளும்போது இழப்பீடு யாது என்பன அதில் இடம்பெறுக. நிபந்தனைகளை நிறைவேற்றிய அனுமதிப்பத்திரக்காரருக்கு அரசு தாமதமின்றி அளிப்பு வழங்குக. சட்டங் கற்ற நாம் ஏழைக் கமக்காரனின் பத்திரத்தைக் கூலி கருதாது எழுதிக் கொடுப்போமாக.

பனை நடுபவன் தன் மக்களுக்காக நடுகிறான். அம்மக்களும் அக்காணியிலேயே வாழ்வர் என்ற நம்பிக்கையை அவனுக்கு அளிப்பதே நம் முதற் கடன். அந்நம்பிக்கை பிறந்தால், மரம் நடுக என்று அவனுக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை.