விரல் சூப்பும் பிள்ளைக்கு நெயில் பாலிஷ் வேண்டாம்



திருவிழாக் கடையில் நெயில் பாலிஷ் வாங்கி என் பேத்திக்குப் பூசிவிட்டேன். ராத்திரி விரல் சூப்பியே தூங்கிட்டா. காலையில பார்த்தா, கட்டைவிரல்ல பாதிச் சாயத்தைக் காணோம். எங்க போச்சு? வாய்க்குள்ளதான்!

சில பாலிஷ்களில் டொலுயீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் என்ற ரசாயனங்கள் இருக்கும். வாங்கும் முன் லேபிளில் இந்தப் பெயர்களைத் தேடுங்கள். லேபிளே இல்லையென்றால் வாங்காதீர்கள். தண்ணீர் சேர்த்துத் தயாரிக்கும் பாலிஷில் நெடி குறைவு. ஆனாலும் அது தின்னும் பொருள் அல்ல. விரல் சூப்புவதை விட்ட பிள்ளைக்கு மட்டும் பூசுங்கள், காய்கிற வரை பக்கத்தில் இருங்கள்.

நம்ம குழுக் கடையிலயும் லேபிள் இல்லாத பாட்டில் இருக்கு. லாபம் போனா போகட்டும், எடுத்துடுவோம் அக்கா!