செங்கல்லின் பசுமைக் கணக்கு

ஒரு கட்டுமானப் பொருள் சுற்றுச்சூழலுக்கு உகந்ததா என்பதை அதன்மேல் ஒட்டப்பட்ட பச்சை முத்திரையைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. மூலப்பொருளைத் தோண்டுவது முதல் சுடுவது, ஏற்றிச் செல்வது வரை அதற்காகச் செலவாகும் மொத்த ஆற்றலை, அதாவது 'உள்ளுறை ஆற்றலை', கணக்கிட்ட பின்னரே அதுபற்றிப் பேச முடியும்.

சூளைச் செங்கல்லுக்கு வளமான மேல்மண் வெட்டப்படுவதோடு, அதைச் சுடுவதற்கு ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். சாம்பல் கல்லோ, எண்ணூர், மேட்டூர், தூத்துக்குடி போன்ற இடங்களின் அனல் மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் சாம்பலுடன் கல்துகளும் சிமெண்டும் கலந்து, அச்சில் அழுத்தி, தண்ணீர் தெளித்து இறுகவைக்கப்படுவதால் சூளையே தேவைப்படுவதில்லை. இவ்வளவில் சாம்பல் கல் வென்றுவிட்டதாகத் தோன்றினாலும், அதில் சேரும் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 1,450 டிகிரியில் சுட வேண்டியிருக்கிறது என்பதும், எரிபொருளின் புகை ஒருபுறமிருக்க, அந்தச் சுண்ணாம்புக்கல்லே சிதைந்து கரியமில வாயுவை வெளியிடுகிறது என்பதும் எளிதில் மறக்கப்படுகின்றன, விற்பவரும் நினைவூட்டுவதில்லை.

மேலும், மின் நிலையத்தின் அருகே சிறந்து விளங்கும் கல், பல நூறு கிலோமீட்டர் லாரியில் பயணித்தபின் அச்சிறப்பில் ஒரு பகுதியை டீசலில் இழந்துவிடுகிறது. இதற்கு மாறாக, ஆரோவில்லில் அங்கேயே தோண்டிய மண்ணுடன் சுமார் 5 விழுக்காடு சிமெண்ட் சேர்த்து, அழுத்தி, சுடாமலேயே கட்டுகிறார்கள். ஆனால் களிமண் மிகுந்த நிலத்தில் சிமெண்ட் சரியாகப் பிடிப்பதில்லை என்பதால், அங்கே சுண்ணாம்பைச் சேர்க்க நேரிடுகிறது.