பதிப்பெண்ணும் பரம்பரையும்



ஒரு பொருளுக்கு இட்ட பெயர்ச்சீட்டு தவறிவிட்டால், அதை நம்பிச் செய்யப்படும் அடுத்த பொருளும் தவறிவிடும். கணினி மென்பொருள் துறையில் இந்த உண்மை எவ்வாறு செயற்படுகிறது என்பதை இன்று நாம் காண்போம்.

துறை புதிதாயினும் அதன் அடிப்படை நமக்குப் பழையதே. போர்ட்டிக்சன் வட்டாரத்துச் சுவாவைச் சுற்றிய தோட்டங்களில் பால்மரக் காலத்தைக் கண்டவர்கள் ‘ஆர்.ஆர்.ஐ.எம். 600’ என்ற பெயரை அறிவார்கள். 1925ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஒட்டுரகம் அது. அந்த எண்ணைக் கொண்டே அதன் பரம்பரையை அறியலாம். தாய், ஜாவாத் தீவிலிருந்து வந்த ‘சிர் 1’, தந்தை, ‘பி.பி. 86’. ‘பி.பி.’ என்பது பிராங் புசார் தோட்டத்தைக் குறிக்கும். இன்றைய புத்ராஜெயா அந்தத் தோட்ட நிலத்தில்தான் எழுந்துள்ளது.

நாற்றங்காலில் ஒட்டுக் கட்டும்போது சீட்டு மாறிவிட்டால் என்ன ஆகும்? கன்றுகள் சாதாரணக் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஐந்தாறு ஆண்டுகள் கழித்துக் கத்தி வைக்கும்போதுதான் பாலின் அளவு உண்மையைச் சொல்லும். அதற்குள் நிரை நிரையாக நட்டாகிவிட்டிருக்கும். பிழை நடந்த இடம் ஒன்று. நட்டம் தெரியும் இடம் வேறொன்று.

இனி மென்பொருளுக்கு வருவோம். பெரிய மென்பொருளை ஒருவரே எழுதுவதில்லை. பல குழுக்கள் பல பகுதிகளாக எழுதுகின்றன. முன்பெல்லாம் அவற்றைப் பல வாரங்கள் கழித்தே ஒன்றுசேர்ப்பார்கள். பொருந்தாமை கடைசியில்தான் வெளிப்படும். இதைத் தவிர்க்க வந்ததே ‘தொடர் ஒருங்கிணைப்பு’ என்னும் முறை. யாராவது ஒரு வரியை மாற்றினாலும், கணினியே முழு நிரலையும் மீண்டும் கட்டி, சோதித்து, ஓர் எண்ணும் இட்டு வைத்துவிடும். 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குரூஸ் கண்ட்ரோல்’ இப்பணிக்கான தொடக்ககாலக் கருவிகளுள் ஒன்று. 2011ஆம் ஆண்டில் ‘ஜென்கின்ஸ்’ என்று பெயர் மாறிய கருவி இன்றும் பரவலாகப் பயன்படுகிறது.

ஒரே திட்டம் என்றால் எண் இடுவது எளிது. ஒன்றை நம்பி மற்றொன்று இருக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. தோட்டத் தொழிலாளரின் சம்பளப் பட்டியலைத் தயாரிக்கும் மென்பொருள் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமநிதிப் பிடித்தத்தைக் கணக்கிடும் பகுதியை வேறொரு குழு எழுதித் தருகிறது. சேமநிதிப் பகுதியின் 57ஆம் கட்டுமானத்தைச் சேர்த்துச் சம்பள மென்பொருள் கட்டப்படுகிறது. மறுநாள் ஒரு பிழை திருத்தப்பட்டு, 58ஆம் கட்டுமானம் வருகிறது. உடனே கணினி சம்பள மென்பொருளையும் மீண்டும் கட்டுகிறது.

இப்போது கவனியுங்கள். சம்பள மென்பொருளின் சொந்த நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அந்நிரலின் பதிப்பை மட்டும் பார்த்து எண் இட்டால், நேற்றையதும் 2.4, இன்றையதும் 2.4. உள்ளே இருப்பதோ வேறு வேறு. நேற்றையது ஒரு தோட்டத்துக்கும் இன்றையது இன்னொரு தோட்டத்துக்கும் போய்விட்டால், ஒரே சம்பளம் வாங்கும் இரு தொழிலாளர்களுக்கு இரு வேறு பிடித்தங்கள் வரும். அலுவலகத்தைக் கேட்டால், “இரண்டும் 2.4 தானே!” என்பார்கள். குறை கூறும் தொழிலாளி தன் பக்கத்து நியாயத்தை எப்படி நிறுவுவார்?

சரி, ஒவ்வொரு முறையும் வரிசை எண்ணைக் கூட்டினால் போதாதா? போதாது. சம்பள மென்பொருளுக்கு முதலில் 112 என்றும், அடுத்து 113 என்றும் எண் கிடைக்கும். ஆனால் 113க்குள் இருப்பது 57ஆ, 58ஆ என்பதை அந்த எண் சொல்லாது. சேமநிதிப் பகுதி கட்டி முடியுமுன்பே சம்பள மென்பொருளின் கட்டுமானம் தொடங்கிவிட்டால், 113க்குள்ளும் பழைய 57 இருக்கக்கூடும். ‘எப்போதும் புதியதையே எடுத்துக்கொள்’ என்று எழுதிவைப்பதும் தீர்வாகாது. இன்று புதியது நாளை பழையதாகிவிடும். எது எடுக்கப்பட்டது என்பதற்குத் தடயம் இராது.

ஆகவே மூன்று விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். முதலாவது, ஒரு கட்டுமானத்துக்கு இட்ட எண்ணை வேறொன்றுக்கு இடக்கூடாது. இரண்டாவது, கட்டி முடித்ததைப் பிறகு திருத்தக்கூடாது. திருத்தினால் புது எண் வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு கட்டுமானமும் தான் எதிலிருந்து பிறந்தது என்பதைக் கூடவே சுமந்து செல்லவேண்டும். ‘சம்பளம் 113, சேமநிதி 58’ என்று பதிவிருந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

வெளியிட்ட எண்ணைத் திரும்பப் பெறுவதும் ஆபத்தே. 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பதினொரே வரிகள் கொண்ட ‘லெஃப்ட் பேட்’ என்னும் சிறு நிரலை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். அதை நம்பியிருந்த எண்ணற்ற திட்டங்களின் கட்டுமானம் நின்றுபோயிற்று. அதே வேலையைச் செய்யும் மாற்று நிரலை இன்னொருவர் 1.0.0 என்ற எண்ணில் வைத்தார். ஆயினும் பல திட்டங்கள் 0.0.3 என்ற எண்ணையே கேட்டன. அந்தப் பழைய எண்ணை மீட்டு வைத்த பிறகே நிலைமை சீரடைந்தது.

2021ஆம் ஆண்டு டிசம்பரில் இதைவிடப் பெரிய சோதனை வந்தது. உலகெங்கும் பயன்பட்ட ‘லாக்4ஜே’ என்னும் நிரற்பகுதியில் கடுமையான பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. அதே மாதத்தில் 2.15.0, 2.16.0, 2.17.0 என்று திருத்தங்கள் அடுத்தடுத்து வந்தன. நிறுவனங்களைத் திணறவைத்தது ஒரு கேள்வி: “நம்முடைய எந்த மென்பொருளுக்குள், எந்த எண் கொண்ட லாக்4ஜே இருக்கிறது?” பரம்பரையைப் பதிந்து வைத்தவர்கள் ஏட்டைப் பார்த்துப் பதில் சொல்ல முடிந்தது. பதியாதவர்கள் ஒவ்வொரு கணினியாகத் துழாவ நேர்ந்தது.

நேயர்களே, நம் பிள்ளைகள் பலர் இன்று இத்துறையில் பணியாற்றுகிறார்கள். எண் இடுவது சின்ன வேலை என்று அவர்கள் எண்ணிவிடக்கூடாது. அந்த எண்ணை நம்பித்தான் ஒருவருடைய சம்பளச் சீட்டும், இன்னொருவருடைய வங்கிக் கணக்கும் இருக்கின்றன. சீட்டில் எழுதியதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்கும்படி செய்வது தொழில் நுணுக்கம் மட்டுமன்று. அது நாணயமும் ஆகும்.